படத்தில் கைதட்டியவள்

எண்பதுகளின் தொடக்கம். பதுளை கடைவீதியில் நானா என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடைவைக் கடை. தோட்டத்துப் பெண்கள் சேலைகளைப் பிரித்துப் பார்த்து முடிக்கும்வரை பிள்ளைகள் நச்சரிக்காமல் இருக்க, கடை மூலையில் டிவியோடு ஒரு வீடியோ கேம் பெட்டியை வைத்திருந்தார். தாய்மாரோடு வருவது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஆகவே விளையாடியதும் நாங்கள்தான். தெமோதரைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்குக் கரண்டே கிடையாது. அந்த மூலையை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. பதுளை மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடுவேன். திரையில் வரும் பந்தை லேசில் தவறவிட மாட்டேன். "அடியே, கண்ணக் கொட்டாம எப்புடித்தான் பாக்குறியோ!" என்பாள் அம்மா.

அந்தப் பெட்டியை விற்ற கொழும்புக்காரர் விளம்பரத்துக்குப் படம் பிடிக்க வந்தார். நன்றாக விளையாடும் பிள்ளை யாரென்று கேட்டதற்கு நானா என்னைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அண்ணனையும் துணைக்குக் கூட்டிப் போனோம். அந்த மனிதர் என் கையிலிருந்த, பந்தை அடிக்கத் திருகும் பிடியை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தார். அவன் அதுவரை அதைத் தொட்டதே இல்லை, தலைகீழாகப் பிடித்தான். "தங்கச்சி பின்னால நின்னு கை தட்டட்டும்," என்றார். தட்டினேன். பைத்தியக்காரி, சிரித்துக்கொண்டே வேறு தட்டினேன்.

படம் ஆளுயரத்துக்குக் கடை வாசலில் வந்து நின்றது. அதோடு பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து மூலையை அடைத்துக்கொண்டார்கள். கிட்டே போனால், "ஏய், இது ஆம்பளப் பசங்க வெளயாட்டு. வாசல்ல படத்தப் பாக்கலியா?" என்றார்கள். அம்மாவிடம் அழுதேன்.

"படத்துலயே நீ சும்மா தானே நிக்கிற? பெரியவளாகப் போற புள்ள, அந்தக் கூட்டத்துல போயி இடிபடணுமா? மூடிக்கிட்டு வா."

மறுவருடம் துணி எடுக்கப் போனபோது கொழும்புக்காரரும் கடையில் இருந்தார். புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"பொம்பளப் புள்ளைங்க வெளயாடுறாங்களா நானா?"

"இல்லீங்க. அதுகளுக்கு இதுல ஆசையே இல்ல," என்றார் நானா. மனதறிந்து பொய் சொல்கிற ஆளில்லை அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாசமாய்ப் போக, யாருக்கடா ஆசையில்லை என்று கத்தத் தோன்றியது. சுற்றிப் பார்த்தேன். கடை நிறையப் பெண்பிள்ளைகள். ஒருத்தியும் அந்த மூலைப் பக்கம் திரும்பவில்லை. "இந்தப் பச்ச எப்புடி இருக்கு?" என்று அம்மா கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.