பின்னோக்கி நடந்த மனிதர்

“நாலு எழுத்து படிச்சிட்டா போலீசு உனுக்கு சல்யூட் அடிச்சிருமா?”

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் காலேஜில் சேர்ந்தபோது மாமா கேட்ட கேள்வி இது. போன வாரம் மறுபடி நினைவுக்கு வந்தது.

என் தங்கை காலையில் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறாள். அம்பத்தூரில் எங்கள் தெருவைத் தாண்டி, பார்க்கை ஒட்டிய ரோட்டில் நடந்தால் வந்துவிடும். கொஞ்ச நாளாக அவள் பின்னால் ஒரு பைக். பேசுவதில்லை, தொடுவதில்லை. அவள் நடந்தால் உருட்டுவான், நின்றால் நிற்பான். ஹாரன் அடித்துச் சிரிப்பான். அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள்:

“கிளாசும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஊட்லயே கெட.”

தண்டனை யாருக்கு, பார்த்தீர்களா?

“ஒரு நாள் பொறும்மா, நான் கூடப் போய்ப் பாக்குறேன்” என்று தங்கையோடு கிளம்பினேன். பார்க் வாசலில் போலீஸ் ஜீப்! அடடே, புகார் கொடுக்கும் முன்பே வந்துவிட்டார்களா?

இல்லை. அவர்கள் வந்தது கணேசனுக்காக. பாடியில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையரானவர். தினமும் அதே ரோட்டோரம் பின்னோக்கி நடப்பார். யாரோ நூறுக்குப் போன் போட்டு, “ஒருத்தன் லேடீஸ் மூஞ்சியையே பாத்துகினு ரிவர்ஸ்ல போறான்” என்று சொல்லிவிட்டார்கள்.

“முட்டி வலி சார்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் கணேசன். “ரிவர்ஸ்ல நடந்தா வலி தெரில.”

நான் நடுவே புகுந்து பைக் கதையைச் சொன்னேன். ஏட்டய்யா கேட்டார்: “கைய கிய புட்ச்சானா?”

“இல்ல சார். பின்னாடியே வர்றான்.”

“ரோடு எல்லாருக்கும் பொதும்மா. எதுனா பண்ணா வா.”

பண்ணின பிறகு வந்து என்ன பிரயோஜனம்… என்று நான் ஆரம்பிப்பதற்குள் கணேசன் கை தூக்கினார்.

“சார், நான் டெய்லி பாக்கறேன். செவப்பு பைக்கு, ஒரு பக்கம் கண்ணாடி கெடையாது. இந்தப் பொண்ணு எதிர்ப்பக்கம் போனா அவனும் போவான். பின்னால வர்றது எல்லாம் எனக்குத் தெரியும் சார்… முன்னால இருக்கறதுதான் தெரியாது!”

சொல்லி முடிக்கவில்லை — அதே பைக் வந்தது.

“தோ, அவன்தான்!” என்று உற்சாகத்தில் பின்வாங்கிய கணேசன், குப்பைத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். ஏட்டய்யா பைக் சாவியைப் பிடுங்கினார்.

“சும்மாதான் சார் வந்துகினு இருந்தேன்…”

“டெய்லியா சும்மா வருவ?”

விசித்திரமாக நடந்தவரால் குப்பைத் தொட்டியைத் தவிர யாருக்கும் சேதமில்லை. ஒழுங்காக, நேராக வண்டி ஓட்டியவன்தான் ஒரு பெண்ணை வீட்டுக்குள் முடக்கப் பார்த்தான். “அவன் என்ன பண்ணான்?” என்று மட்டும் கேட்டால் எப்படி? “அவனால இவ எதை நிறுத்தினா?” என்றும் கேட்க வேண்டாமா? போலீஸ் எப்போது வர வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

தங்கை மறுநாளும் கிளாஸ் போனாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். என் கையாலேயே புகார் எழுதிக் கொடுத்து, ரசீதும் வாங்கி வந்துவிட்டேன்.

சல்யூட் யாரும் அடிக்கவில்லை மாமா. சேர் போட்டார்கள்!