நிற்கிற வண்டியில் ‘ஆர்’

பீப்... பீப்... பீப்...

கார் ரிவர்ஸில் வரும்போது கேட்கிற சத்தம். ஆனால் அந்தக் காரை யாரும் ரிவர்ஸ் எடுக்கவில்லை. என்ஜின் ஓடவில்லை. பேட்டரியையே கழற்றி பெஞ்ச் மேல் வைத்திருந்தார் நேசகுமார்.

இதில் நான் சேர்த்த சரக்கு எதுவும் இல்லை. மெக்கானிக் நேசகுமாரே சொன்னது. போன ஆவணி, சனிக்கிழமை, மதியம் மணி 2.40. பட்டப்பகல். திருத்தணி, அரக்கோணம் ரோட்டில் அவருடைய ஷெட்.

வண்டி பொதட்டூர்பேட்டை மணவாளனுடையது. எட்டு பவர்லூம் ஓட்டுகிறவர். ஒரு வாரம் முன்புதான் அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கியிருந்தார். அன்று காலை மலைமேல் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முன்னால் எடுத்திருக்கிறார். மூன்று பழம் நசுங்கியது. ஒன்று மட்டும் முழுசாக, வண்டிக்குப் பின்னால் கிடந்ததாம். அடிவாரத்துக்கு வந்து நிறுத்தினால் கோளாறு. லீவர் பார்க்கிங்கில் இருக்கிறது. மீட்டரில் ‘பி’ வரவில்லை. ரிவர்ஸுக்கான ‘ஆர்’ காட்டுகிறது.

“நிக்கிறப்பவே போறேன்னு சொல்லுதுங்க. எங்க அக்கா வூட்டுக்காரரு, பாவா மாதிரி. வந்து குந்துன ஒடனே கெளம்பறேம்பாரு” என்று சிரித்தார் மணவாளன். அவர் தோளில் நாலு வயது மகள் கவிப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். “பாப்பாவ வெச்சிகினு ஊருக்குப் போவணும். நல்லா பாருங்கண்ணா.”

நேசகுமார் ஸ்கேனரை மாட்டினார். கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச்சில் பிழை என்று ஒரு குறியீடு வந்தது. அழித்தார். எல்லா ஷெட்டிலும் செய்கிற வேலைதான். குறியீட்டை அழித்துவிட்டு, ‘ஓட்டிப் பாருங்க, மறுபடி வந்தா பாக்கலாம்’ என்று அவர் அனுப்பிய வண்டிகள் நூறு இருக்கும்.

‘பி’ வந்தது. எண்ணி ஒரு நிமிஷம்தான். மறுபடி ‘ஆர்’.

சுவிட்ச்சையே மாற்றினார். ‘ஆர்’. ஃப்யூஸைப் பிடுங்கினார். ‘ஆர்’. கடைசியில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸீட்டில் வந்து உட்கார்ந்தார்.

மீட்டர் அணையவில்லை.

அப்போதுதான் அந்த பீப்.

பின்னால் ஏதாவது நெருங்கினால் அந்தச் சத்தம் வேகமாகும். ஆகிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அப்படியென்றால்... நெருங்குவது எது?

பீப். பீப். பீப்.

பின்பக்கக் கேமராவின் திரை தானாக ஒளிர்ந்தது. ஷெட் வாசல். வெயில். மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை. பம்பரை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு...

பீபீபீபீ...

வண்டி அசைந்தது. பின்னால்.

பிரேக்கை மிதித்தார். நிற்கவில்லை.

ஹேண்ட்பிரேக். நிற்கவில்லை.

கதவு... திறக்கவில்லை.

“பாப்பாவப் புடிங்க! பின்னால நிக்குது!”

“பாப்பா என் தோள்லதாங்க இருக்குது.”

மணவாளனின் குரல் முன்னாலிருந்து வந்தது.

லேசாக ஒரு குலுக்கல். எதன் மேலோ ஏறி இறங்கியதுபோல.

சத்தம் நின்றது. மீட்டர் இருண்டது. மணி 2.43.

கதவு தானாகத் திறந்துகொண்டது. இறங்கிக் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. சக்கரத்துக்கு அவர் முட்டுக் கொடுத்த கட்டை அப்படியே இருந்தது. வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

“பழைய ஓனர் நம்பர் இருக்குதுங்களா?”

ஆர்.சி.யில் பேர் மாற்றுவதற்காக வாங்கி வைத்திருந்தார் மணவாளன். ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது ஆர்.கே.பேட்டை புவனா. நேசகுமார் தன் பேரைச் சொல்லவில்லை. கோளாறை மட்டும் சொன்னார்.

“இப்போ ‘ஆர்’ காட்டுதா? அன்னிக்கு ரிவர்ஸ்ல இருந்தப்போ ‘பி’ன்னு காட்டிச்சுங்க. அத நம்பிதான் பிரேக்க உட்டேன். பின்னால எம் பொண்ணு நின்னுகினு இருந்தா...”

நேசகுமார் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“முன்னாடியே... வண்டிய எங்கயாவது காட்டினீங்களாம்மா?”

“ஆங், அதுக்கு மொத நாள்தான். திருத்தணியில, அரக்கோணம் ரோட்டு ஷெட்டுல. அழிச்சிட்டேன், ஓட்டிப் பாருங்க, மறுபடி வந்தா பாக்கலாம்னாரு.”