கொள்ளிடப் பக்கத்து ஜன்னல்

முதலில் வந்தது இருமல் அல்ல, ஒரு நிறுத்தம். கடைத்தெருவிலிருந்து திரும்பும் வழியில் என் கணவர் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிவார். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூச்சுக்காகத்தான் நிற்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் போயிற்று.

வண்டிகளுக்குப் புகைச் சான்று கொடுப்பது அவர் வேலை. திருச்சி நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் வேனுக்குள் இயந்திரம். வெளியே, புகைக்குழாயில் கம்பியைச் செருகியபடி அவர். தலை நரைக்கும்வரை அதே புகை, அதே புழுதி.

திருச்சி புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் காற்றை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று பார்க்கும் ஊதல் சோதனை) செய்தார்கள். சோதனை செய்யும் பெண்ணிடமிருந்து குழாயை வாங்கியதும், “ஆக்சிலேட்டர முறுக்கணுமா மேடம்?” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஊதினார். திரையில் கோடு எழும்பி, உடனே சரிந்தது.

“சிகரெட் உண்டா?” என்றார் டாக்டர்.

“வெத்தலைகூடப் போட மாட்டாருங்க,” என்றேன்.

வேலையைச் சொன்னதும் டாக்டர் திரையின் கோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் குறுகி, நாளடைவில் மூச்சுவிடுவதே பாடாகும் நோய்) என்றார். “போன மூச்சு திரும்பாதுங்க. இருக்கறதக் காப்பாத்தலாம். ரோட்டு வேலைய விட்டுடணும்.”

“வருஷா வருஷம் மாசியில பூத்தட்டு எடுத்துட்டு சமயபுரம் நடப்பேன் டாக்டர். இனிமே முடியுமா?” என்றார் இவர்.

“முதல்ல மாடிப்படி ஏறிப் பாருங்க.”

பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, “ஊரு வண்டிக்கெல்லாம் பாஸ் போட்டேன்டி. என்னைய ஃபெயிலாக்கிட்டாங்க,” என்றார். சிரிக்க முயன்றோம்.

அடுத்த முறை டாக்டர் வீட்டைப் பற்றிக் கேட்டார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அறைக்கு இரண்டு ஜன்னல். ஒன்று கொள்ளிடத்தைப் பார்க்கும், மற்றது பஸ் போகும் தெருவை. ஆற்றுக் காற்று குளிர்ச்சி, இளைப்புக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால் ஆற்று ஜன்னலை அடைத்து, இடுக்கில் துண்டைச் செருகி, காற்றோட்டத்துக்காகத் தெரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம்.

“மாத்திப் பண்ணிட்டீங்களேம்மா,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இதைப் படிக்கிற நீங்களும் அக்கறையால் எதையாவது அடைத்து வைத்திருக்கலாம். இன்றே ஒருமுறை பாருங்கள்.

பஸ் புகை வரும் தெரு ஜன்னலை அடைத்து, ஆற்று ஜன்னலைத் திறந்தோம். அவர் வேலையை விட்டார். இன்ஹேலர் (மருந்தை நேராக மூச்சுக்குழாய்க்குள் அனுப்பும் சிறு கருவி) பழகினார். மாடிப்படி ஏறினார், நடுவில் ஒருமுறை உட்கார்ந்து. சமயபுரமும் நடந்துவிடுவார் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

மாசியில், நமக்காகச் சமயபுரத்து அம்மனே பட்டினி கிடக்கும் நாள்களில், மஞ்சள் உடுத்தி விடியலில் கிளம்பினோம். கொள்ளிடப் பாலத்தின் நடுவில் அவர் குனிந்தார். வெறுங்கால். சரிசெய்ய வார் இல்லை.

நிமிர்ந்து, பூத்தட்டை என்னிடம் நீட்டினார். “நீ கொண்டு போ. என் தம்பி ஆட்டோ எடுத்துட்டு வந்து என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவான்.”

“உங்கள விட்டுட்டா?”

“ஆத்துக் காத்து நல்லா வருது. போயிட்டு வா.”

நடந்தேன். தூரம் எனக்கு இப்போது மைலில் இல்லை. அவர் எதுவரை வருவார் என்பதுதான் தூரம். அதைத் தாண்டி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வேற்றூர். என்னிடம் மூச்சு மிச்சமிருந்தது. சமயபுரம்வரை தட்டைவிட அதுதான் கனத்தது.