உக்குவளைச் சுவரில் ஒரு மலை

எல்.ஈ.டி சுவர் இயக்குகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள் நிச்சயம்: ஒன்று முதுகுவலி, மற்றது "இதெல்லாம் பொய்தானே?" என்ற கேள்வி. கேபிள் இழுத்துக் கை காய்த்துப்போன என் தொழில்காரர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு உயரத்துக்கு ஒரு திரை. அதில் மலையைப் போட்டு, முன்னால் ஆளை நிறுத்திப் படம் பிடித்தால் அவர் மலையிலேயே நிற்பது போலிருக்கும். கெமரா நகர்ந்தால் மலையும் சேர்ந்து நகரும்.

உக்குவளையில் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் எங்கள் சுவர் நிற்கிறது. மண்சரிவு பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காக இயக்குநர் நிஷாந்த வந்தார். சரிந்த தேயிலைத் தோட்டத்துக்குள் யாரும் போகக்கூடாதென்று தடை. அதனால் தோட்டத்தை நாங்கள் சுவருக்குக் கொண்டுவந்தோம்.

கட்டம் போட்ட சேலை

முதல் நாள் லெச்சுமி அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். சரிவில் வீடும் போனது, கணவர் முருகேசும் போனார். அன்று கட்டியிருந்தது பொடிக்கட்டம் போட்ட சேலை. அந்த மாதிரித் துணி கெமராவில் புழு நெளிவது போல நெளியும் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு சேலை கட்டி வர முடியுமா என்று நிஷாந்த பணிவாகத்தான் கேட்டார்.

நிவாரண முகாமில் கொடுத்த சேலைகள் நிறைய இருக்கின்றனவாம். எல்லாம் யாரோ தேர்ந்தெடுத்தவை. சரிவுக்குப் பிறகு அக்கா தானே கடைக்குப் போய், புரட்டிப் பார்த்து வாங்கியது இது ஒன்றுதான். "மாத்தையா, ஒங்க கெமராவுக்குக் கண்ணு சரியில்லாட்டி நான் ஏங்க சேலைய மாத்தணும்?"

லென்ஸை மாற்றினோம்.

ஓடாத லொறி

இஸ்மாயில் நானா கலேவெலைக்கு மரக்கறி ஏற்றிய லொறிக்காரர். சரிவு நடந்த அன்று மழையோடு மழையாகத் திரும்பத் திரும்ப மேலே ஏறி ஆட்களை இறக்கியவர். இப்போது இதயக் கோளாறு. வண்டி ஓட்டவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்காக ஒரு பழைய லொறியின் முன்பக்கத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தோம். இன்ஜின் இல்லை, சில்லு இல்லை. சுவரில் நாங்கள் வீடியோ எடுத்து வந்த மலைப்பாதை ஓடியது.

அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். வீடியோவில் ஒரு நாய் குறுக்கே ஓடியிருந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். நான் நானாவிடம் ஓடிப்போனேன். தண்ணீர் கொடுத்தேன். அதை வாங்காமல் கேட்டார்: "நாய்க்கு ஒண்டும் ஆகல்ல தானே, மகள்?"

சொல்லாமல் காட்டு

லெச்சுமி அக்காவின் பக்கத்து வீட்டுச் சடங்கில் யாரோ எடுத்த போன் படங்களைப் பார்த்துப் பார்த்து, அவருடைய லயத்து வீட்டைக் கணினியில் கட்டியிருந்தேன். தகரக் கூரை, நீலக் கதவு, வாசலில் கொய்யா மரம். நிஷாந்த என் காதருகே சொன்னார்: "அவங்களுக்குச் சொல்ல வேணாம். பேசிக்கிட்டு இருக்கயில பின்னால போடுங்க. திரும்பிப் பார்ப்பாங்க இல்லையா, அந்த முகம்தான் படம்."

 வேலை போனாலும் போகட்டும் என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். "அப்படின்னா நீங்களே போட்டுக்கங்க, சேர்" என்றேன்.  நிஷாந்த வெளியே போய் நின்றார்.  திரும்பி வந்ததும் நேராக அக்காவிடம் போய், தரையில் குந்தி, எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, வீட்டைக் காட்டலாமா என்று கேட்டார்.

 அக்கா என்னைப் பார்த்தார். "போடுங்க. ஆனா கதவத் தொறந்தே வைங்க தங்கச்சி. அவரு இருக்கயில சாத்துனதே இல்ல."

கிட்டப் போனால்

கதவைத் திறந்து, வீட்டைப் போட்டேன். கெமரா ஓடியதா என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. அக்கா அழவில்லை. கையை நீட்டியபடி கதவை நோக்கி நடந்தார். கிட்டப் போகப் போகப் படம் உடைந்து வெறும் ஒளிப்புள்ளிகளாகிவிடும் என்று எச்சரிக்க எனக்கு வாய் வரவில்லை. சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். வீடு கலைந்து, முகமெல்லாம் நீல வெளிச்சம்.

மெதுவாகப் பின்னால் நடந்து வந்தார், கதவு மறுபடி கதவாகும் வரைக்கும். அங்கே ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். "இந்த எடந்தான் சரி. இங்கேருந்தே பாத்துக்கிறேன்."

இத்தனை விளக்குகளை ஏற்றத் தெரிந்த எனக்கு, அன்று அக்கா தானாக எழுந்து போகும்வரை அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.