கொண்டை ஊசி வளைவில் ஏழாம் வாய்ப்பாடு

பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று எழுத டீச்சர்கள் இருக்கும்போது, பத்தாவதோடு நின்றுபோன ஒரு ஜீப்பு டிரைவர் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பேப்பரில் என் முகம் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது என் தொழில். எனக்கு இரண்டு பெண்கள். போன வருஷம் பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. சின்னப் பள்ளிக்கூடம் என்பதால் இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். ஒரு வெள்ளிக்கிழமை அந்த டீச்சர் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை ஏழாம் வாய்ப்பாடு சொல்லவில்லையென்றால், பெரியவள் அதைச் சொல்லும் வரைக்கும் இரண்டாம் வகுப்பு பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

அதாவது, தங்கச்சிக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்ததுமே சின்னவள் ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டாள். "அக்கா, சன்னல் ஓரம் எனக்கு. நீ நடுவுல உக்காந்துக்க. எங்க கிளாஸ்ல யாரும் பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

பெரியவள் அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்துவிட்டது. தட்டில் தோசை அப்படியே இருந்தது.

என் மனைவி ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். கண் பார்ப்பதற்குள் கை பிரித்துவிடும். பிள்ளைக்கும் அதே வேகத்தில் ஏறிவிடும் என்று தோசைக் கரண்டியோடு உட்கார்ந்தாள்.

"சொல்லுடி, ஏழேழு?"

"முப்பத்தி..."

"நாப்பத்தொம்பது!" என்று மூலையில் தோசை தின்றுகொண்டிருந்த சின்னவள் கத்தினாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவளுக்கு எல்லாமே காது வழிதான். அடுத்த வீட்டுச் சண்டையை வார்த்தை மாறாமல் நமக்கே திருப்பிச் சொல்லுவாள். பெரியவளோ வாய்ப்பாட்டைக் கலர் பென்சிலில் பூப்போட்டு எழுதினாள். நோட்டை மூடியதும் பூ மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"இவள நாளைக்கு உங்க வண்டியில ஏத்திட்டுப் போயிருங்க. ஒரு நாளாச்சும் என் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கட்டும்" என்றாள் மனைவி.

சனிக்கிழமை விடியலில் பெரியவளை முன்சீட்டில் உட்காரவைத்தேன். பின்னால் நிறைய பெண்கள். அவர்களில் சிலமலையிலிருந்து வரும் ஓர் அக்கா வாய் ஓயாதவர்.

"என்ன ஆத்தா, காய் எடுக்க வந்துட்டியா? பள்ளிக்கூடத்துல விரட்டிட்டாகளா?"

மகளுக்கு என் கூச்சம் கிடையாது. நடந்ததை அப்படியே ஒப்பித்தாள்.

"தங்கச்சி பெஞ்சுலயா? அட ஆத்தே, மானம் போயிருமே!" என்றார் அக்கா.

அடிவாரத்தில் முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் போட்ட பலகை நிற்கும். மூன்றாவது வளைவில் மகள் இடது பக்கம் சாய்ந்தபடி, "மூணு" என்று பலகையை வாசித்தாள். உடனே சிலமலை அக்கா, "மூணேழு?" என்றார். பின்னால் யாரோ, "இருபத்தொண்ணு!" என்றார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து கத்தியது. எட்டாவது வளைவில், தேவாரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். "எட்டேழு அம்பத்தாறு, தலைய உள்ள இழு!" என்றார் அக்கா.

ஒன்பதாவது வளைவில் பாறையிலிருந்து தண்ணீர் வழியும். அங்கே நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வழக்கம். கிளம்பும்போது, "ஏறியாச்சா?" என்று கேட்பேன். "ஏறியாச்சு!" என்று பதில் வந்த பிறகுதான் வண்டி நகரும்.

காய் எடுக்கும்போதும் இவர்கள் விடவில்லை போலிருக்கிறது. "இதெந்தா சேச்சி, ஸ்கூளோ?" என்று தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் கேட்டாராம், இதென்ன பள்ளிக்கூடமா என்று. சாயங்காலம் இறங்கும்போது வாய்ப்பாடும் தலைகீழாக இறங்கியது. அறுவடைக் காலம் என்பதால் ஞாயிறும் போனோம். அன்று இறங்கும்போது மகள் பலகையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வண்டி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை ஆட்களை மேலே விட்டுவிட்டுத் திரும்பி, நானும் பள்ளிக்கூடம் போனேன். வாசலில் செருப்புகளோடு செருப்பாக நின்றுகொண்டேன்.

மகள் கண்ணை மூடினாள். இடது பக்கம் சாய்ந்து, "ஓரேழு ஏழு" என்றாள். வலது பக்கம் சாய்ந்து, "ஈரேழு பதினாலு." நாலாவதற்குள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கூடவே சாய்ந்துகொண்டிருந்தார்கள். "ஒம்பதேழு அறுபத்துமூணு" என்றவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுத்து?" என்றார் டீச்சர்.

சின்னவள் மெதுவாகத் தன் பையை நகர்த்தி, பெஞ்சில் அக்காவுக்கு இடம் ஒதுக்கினாள்.

"மறந்துபோச்சாம்மா?"

"இல்ல டீச்சர். இருங்க, தண்ணி ஊத்துறாங்க."

டீச்சர் சன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. நான் கேட்காமல் இந்த வண்டி கிளம்பாது. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏறியாச்சா?" என்றேன். மலையில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, சின்னதாகக் கேட்கத் தெரியாது. வகுப்பே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியது.

"ஏறியாச்சு! பத்தேழு எழுபது!" என்றவள் பதினாறு வரைக்கும் பிரேக் பிடிக்கவில்லை.

டீச்சருக்குச் சந்தேகம். "நடுவுல கேக்குறேன். எட்டேழு?"

மகள் சட்டென்று வலது பக்கம் சாய்ந்தாள். "அம்பத்தாறு. அங்கதான் தேவாரத்து அத்தை வாந்தி எடுத்தாங்க."

டீச்சர் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். "போ, உன் இடத்துல உக்காரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டாம் வாய்ப்பாட்டுக்கும் வண்டி எடுப்பீங்களா?" என்று கேட்டார். "டீசல்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையை மறுபடி பெஞ்சின் நடுவில் வைத்தாள்.

மறுநாள் நல்ல மழை. மேலே மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டதால் ஜீப்பு போகவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குடையில் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியவள் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தாள்.