இரண்டு ஹெட்போன்களும் உம்மாவின் கசட்டும்

ஒரு ஹெட்போன் நல்லதா என்று அறிய வேண்டுமானால் அதில் பாட்டுக் கேட்கக் கூடாது. ஒன்றும் போடாமல், வெறுமனே காதில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். மூடிய வகை என்றால் வெளிச் சத்தம் அடங்கி நம்முடைய சத்தம் தொடங்கும். எச்சில் விழுங்குவது கேட்கும். பல் உரசுவது கேட்கும். கழுத்து நரம்பு துடிப்பது கேட்கும். அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்த வகை சரிவராது. எனக்கு அது தொழில், வேறு வழியில்லை.

கொழும்பிலிருந்து எனக்கு ஒலிப்பதிவுகள் வரும். ஆய்வுக்காக யாரோ யாரையோ எடுத்த பேட்டிகள். அவற்றைக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கல்முனைக்குடியில் எங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே இருக்கிறது. மீன்காரரின் ஹோர்ன், ஓட்டோ, பள்ளிவாசல் அறிவித்தல், பக்கத்து வீட்டுக் கிரைண்டர் என்று சத்தத்துக்குக் குறைவில்லை. கடல் வேறு இருக்கிறது. அது எனக்குக் கேட்காமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறவள் நான்.

என்னிடம் இரண்டு ஹெட்போன்கள் இருக்கின்றன. முதலாவது கல்முனை பஸாரில் வாங்கியது. துணி மெத்தை, பாரமே இல்லை. காலையிலிருந்து மாலை அஸர் தொழுகை வரை போட்டிருந்தாலும் தலையில் ஒன்று இருப்பதே மறந்துவிடும். ஒரு தடவை அதோடேயே குசினிக்குப் போய்க் கறி தாளித்திருக்கிறேன். ஆனால் அது பெயருக்குத்தான் மூடிய வகை. துணி வழியாகப் பாதிச் சத்தம் ஒழுகிவிடும். கனமான குரல்கள் மெலிந்து, பேட்டி கொடுக்கும் ஆண்கள் எல்லாரும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவர்கள் மாதிரிக் கதைப்பார்கள்.

இரண்டாவது, உம்மாவின் தங்கை சாச்சியின் மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்தது. தோல் மாதிரியான மெத்தை. நல்ல பாரம். காதுகளை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும். அரை மணித்தியாலத்தில் காது அவிந்துவிடும், கழற்றினால் கன்னமெல்லாம் வேர்வை. எங்கள் உப்புக் காற்றுக்கு அந்தத் தோல் நின்று பிடிக்காது, கறுப்புப் பொருக்காக உதிரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதில் கேட்கும் சத்தம் வேறு. பேட்டி கொடுப்பவர் கதிரையில் அசைவது, பின்னால் யாரோ பாத்திரம் வைப்பது, கேள்வி கேட்பவர் சலித்துக்கொண்டு விடும் மூச்சு, எல்லாம் தனித்தனியாக நிற்கும்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் எத்தனையோ ஆண்கள் மணிக்கணக்காகப் பேசியதைக் கேட்டேன். ஒருத்தரும் முக்காட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மெத்தைக்கும் காதுக்கும் நடுவில் ஒரு துணி மடிப்பு வந்தால் போதும், மூடல் உடைந்துவிடும். கண்ணாடியின் கால் இன்னொரு ஓட்டை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் வீட்டில் நான் முக்காட்டோடுதான் வேலைக்கு இருப்பேன். அப்படி மாட்டினால் கட்டார் சாமானும் பஸார் சாமானும் ஒன்றுதான். பிறகு எதற்குக் காது நோக வேண்டும் என்று முதலாவதையே போட்டுக்கொண்டிருந்தேன். உம்மாவின் கசட்டையும் அதில்தான் முதலில் கேட்டேன்.

எங்கள் ஊர்களில் ஒரு காலம் உம்மாமார் சவூதியிலிருந்து கசட்டில்தான் கதைத்தார்கள். அங்கே வீட்டு வேலை. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை, ஊருக்கு வரும் யாரிடமாவது கசட்டைக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் சுற்றியிருந்து கேட்போம், அழுவோம். பிறகு அதே கசட்டில், அவர்களுடைய குரலுக்கு மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து, போகும் ஒருவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரே கசட் வருடக்கணக்காகக் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கும். நாங்கள் பதில் சொல்லச் சொல்ல வந்த குரல் அழிந்துகொண்டு போகிறது என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அடுத்தது வரத்தானே போகிறது என்று நினைத்தோம்.

உம்மா போனது என் வீட்டுக்காக. எங்கள் பக்கம் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். நான் ஒரே பிள்ளை. அத்திவாரம் போட்ட கையோடு உம்மா போனார், சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போது அங்கேயே மௌத்தானார். மாரடைப்பு என்று சொன்னார்கள். ஜனாஸாவை அங்கேயே அடக்கினார்கள். ஊருக்கு வந்தது ஒரு பை மட்டும். அதற்குள் இரண்டு அபாயா, ஒரு தஸ்பீஹ் மணிமாலை, நாங்கள் கடைசியாகப் பதிந்து அனுப்பிய கசட். அதற்கு மேல் உம்மா ஒன்றும் பதிந்திருக்கவில்லை.

ஆகவே உம்மாவின் குரல் என்று எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது எங்கள் குரல். வீடும் மிஞ்சவில்லை. கட்டி முடித்து, நான் கலியாணம் முடித்துக் குடியிருந்த அதே வருடம் கடல் வந்து கொண்டுபோய்விட்டது. கசட் கடலுக்குத் தூரமான சம்மாந்துறையில் சாச்சியின் அலுமாரிக்குள் கிடந்ததால் தப்பியது.

இதில் வாப்பாவின் மீது எனக்கொரு கோபம் இருந்தது. சின்ன வயதில் அந்தக் கசட்டில் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வீடு முடிந்த பிறகு வாங்க உம்மா என்று சொன்னேன். பக்கத்தில் வாப்பா ரெக்கோடரின் பதிவுக் கட்டையை அமத்திக்கொண்டு இருந்ததும் நினைவிருந்தது. சின்னப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல எங்கிருந்து தெரியும், அவர்தான் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கலியாணப் பேச்சு நடந்த நாட்களில் ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன்.

“நீங்கதானே உம்மாவ வர விடல்ல. என்ட வாயாலயே செல்ல வெச்சீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். குற்றம் உள்ளவர்தான் இப்படிப் போவார் என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போட்டுக் கொடுப்பேன், மருந்து எடுத்துக் கொடுப்பேன், முகம் கொடுத்துக் கதைக்க மாட்டேன்.

இவ்வருடம் சாச்சி அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கசட்டை என்னிடம் தந்தார். பஸாரில் பழைய கலியாண வீடியோக்களைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடையொன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோகப் போகிறேன் என்றதும் வாப்பா வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தார்.

“அதுல ஒண்டுமில்ல மகள். வெறும் இரைச்சல். உட்டுரு.”

அவர் சொன்னதனாலேயே நான் கொண்டுபோனேன். அவர் சொல்லிக் கொடுக்கும் குரல் அதில் எங்காவது இருக்க வேண்டும், ஒரு தடவையாவது அதை என் காதால் கேட்க வேண்டும் என்ற வெறிதான்.

பஸார் ஹெட்போனில் கேட்டபோது இரைச்சல் வந்தது. வாப்பா சலாம் சொல்லி ஊர்ப் புதினம் சொன்னார். என் முன்னால் அவர் உம்மாவோடு வேறொன்றும் கதைக்க மாட்டார், மற்றதைக் கசட்டோடு போகும் கடிதத்தில் எழுதி வைப்பார். பிறகு என் குரல், கீச்சென்று, வாய் ஓயாமல். அந்தக் குரலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அடுத்த அறையில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பது போல. முதலில் வீட்டில்தான் யாரோ கதைக்கிறார்கள் என்று எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. எங்கள் பழைய ரெக்கோடர் முந்திய குரலைச் சுத்தமாக அழிக்காது என்பது அப்போதுதான் நினைவு வந்தது. சின்ன வயதில் அதைக் கேட்டுப் பேய் கதைக்கிறது என்று சிரித்திருக்கிறோம்.

அது உம்மா.

அன்றும் மறுநாளும் நான் அதைத் தொடவில்லை. பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்தக் குரல் கேட்டது. பேட்டிகளை எடுத்துக் கேட்டால், யாரோ முகம் தெரியாத ஆணின் பேச்சுக்கு அடியில் அது கேட்டது. தொழுகைக்கு நின்றால் பின்னால் ஒருவர் நிற்பது போலிருந்தது, சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். சொந்த உம்மாவுக்குப் பயப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள், கணவரும் பிள்ளைகளும் வெளியே போன நேரம், லுஹர் தொழுகைக்குப் பிறகு அறைக் கதவைத் தாழ் போட்டேன். முக்காட்டைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினேன். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு கட்டார் ஹெட்போனை மாட்டினேன். அது அமுக்கிப் பிடித்தது. மீன்காரரின் ஹோர்ன் இல்லாமல் போனது, கிரைண்டர் இல்லாமல் போனது, கடலும் இல்லாமல் போனது. மண்டைக்குள் நானும் கசட்டில் உள்ளவர்களும் மட்டும் இருந்தோம்.

மெலிதாக இருந்ததெல்லாம் கனத்தது. உம்மாவுக்கு இவ்வளவு தடித்த குரல் என்று எனக்கு நினைவில்லை. அடிக்கடி இருமினார். என் குரல் மேலே ஓடிக்கொண்டிருக்க, நான் மூச்சு விடும் இடைவெளிகளில் மட்டும் உம்மா வந்து போனார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு சொல்லாகக் காகிதத்தில் எழுதினேன்.

“...நெஞ்சுக்குள்ள நோகுது... எனக்கு இனி ஏலா... வாங்க எண்டு ஒரு வார்த்த... புள்ளயும் வரச் செல்லிச்செண்டா நான் வந்துருவன்...”

அந்த இடத்தில்தான் மேலே என் குரல் சொல்கிறது:

“உம்மா, ஊடு முடிஞ்சாப் பொறகு வாங்க. பக்கத்து ஊட்டுல மேல்மாடித் தட்டுப் போட்டிரிக்காங்க. எனக்கும் தட்டுப் போட்டுத் தாங்க.”

அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. பஸார் ஹெட்போனில் அது வெறும் இரைச்சல். இதில் அதற்குள் இன்னொரு குரல் இருந்தது. பக்கவாட்டிலிருந்து, என் காதோடு சொல்வது போல, மெதுவாக. நான் இத்தனை வருடம் தேடிய குரல்தான்.

“அப்படிச் செல்லாத மகள். உம்மாக்கு ஏலாம இரிக்கி. வாங்க எண்டு செல்லு.”

“இல்ல. ஊடு முடிஞ்சாப் பொறகுதான்.”

“செல்லு மகள்.”

“மாட்டன்.”

வெளியே யாரோ வேன் வந்துவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். கசட்டை வாங்கிக்கொண்டு போகிறவராக இருக்க வேண்டும். கட்டையை விடும் சத்தம். அதோடு முடிந்துவிடுகிறது.

எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. காது இரண்டும் எரிந்தன. கழற்றிய பிறகும் அந்த மாட்டன் என்ற சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலும் எட்டு மாதம் நெஞ்சு நோவோடு அங்கே நின்றிருக்கிறார். கேட்ட கசட்டுக்கு மேல் எதுவும் பதியாமல் பைக்குள் வைத்திருக்கிறார், என் குரலை அழிக்க மனம் வராமல்.

முன்னறைக்குப் போனேன். வாப்பா கட்டிலில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். என் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகள். இந்த ஊரில் மனைவி மௌத்தான ஆண் ஒரு வருடம் தனியாக இருந்தால் அதிசயம். அவர் அதற்குப் பிறகு கலியாணமே முடிக்கவில்லை. அதைக்கூட நான் அவருடைய குற்ற உணர்ச்சி என்றுதான் கணக்கில் வைத்திருந்தேன்.

முக்காடு இல்லாமல், கண்ணாடி இல்லாமல், காதைச் சுற்றிச் சிவந்த தடத்தோடு நான் வந்து நின்றதை அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டுவிட்டேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

“வாப்பா, கடிதத்துல நீங்க என்ன எழுதினீங்க?”

“வாங்க எண்டுதான் எழுதின.”

“நான் அண்டைக்குக் கேட்ட நேரம் ஏன் ஒண்டும் செல்லல்ல? எத்தின வருஷமா உங்களோட மொகம் குடுத்துக் கதைக்காம இரிந்திரிக்கன்.”

அவர் கையிலிருந்த சட்டையின் கழுத்துப்பட்டியை விரலால் நீவிச் சரிசெய்து, மற்றவற்றுக்கு மேல் வைத்தார்.

“உனக்கு அப்ப ஏழு வயசு, மகள்” என்றார். “என்னோட கோவிச்சாத்தான் நீ தாங்குவாய்.”