வாசனை இல்லாமல் ஐந்து மாதம்

மாசி மாதத்துக் காய்ச்சல் ஆனந்தம்மாளை ஒன்பது நாள் படுக்கையில் போட்டது. பத்தாம் நாள் எழுந்து தலைக்குக் குளித்து, அடுப்படிக்குப் போய் ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடித்தது. கறிவேப்பிலை சடசடத்தது. பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தது. வாசனை மட்டும் வரவில்லை. வாணலிமேல் குனிந்து பார்த்தாள். முகத்தில் சூடுதான் அடித்தது. ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். அதுபாட்டுக்குக் கரைந்துபோனது, ருசி ஒன்றுமில்லை. பதினேழு வயதிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறவள் அவள்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "சில பேருக்கு இப்படி ஆகும்மா, சில மாசத்துல தானா திரும்பிடும்" என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். வீட்டில் அதைச் சொல்லவில்லை. நின்று கேட்க யாருக்கு நேரம்? புருஷன் டோமினிக் ஆரோவில்லில் எலெக்ட்ரீஷியன். ஏழு மணிக்கு பைக்கை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவான். மகள் ஆஷ்லின் பாண்டிச்சேரியில் காலேஜ், ஏழேகால் பஸ். ஆனந்தம்மாள் ஐந்தரைக்கெல்லாம் உப்புப் பாத்தியில் நிற்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து, சோறும் குழம்பும் பொரியலும் ஆக்கி மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். எழுபத்து நாலு வயசு மாமனார் அருள்பிரகாசம்தான் அவரவர் டப்பாவில் போட்டுக் கட்டிக் கொடுப்பார்.

மூக்கு போனபிறகு உலகமே தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. சோறு வெள்ளையாக இருந்தது, குழம்பு சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். கண்ணையும் காதையும் வைத்துச் சமைத்தாள். வெங்காயம் வதங்கும்போது முதலில் சத்தமாகப் பேசும், அப்புறம் முணுமுணுக்கும். குழம்பு கொதிக்கிற சத்தம் தடித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் இறக்கிவிடலாம். உப்புதான் பிடிபடவில்லை. இத்தனை வருஷமும் கை போட்டது என்று நினைத்திருந்தாள், நாக்குதான் போட்டிருக்கிறது.

பகலில் போனது தூக்கத்தில் வந்தது. முதல் தடவை வந்தபோது அவள் உப்பளத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், வடித்த சோறு போல ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒரு குவியலைக் கடந்தபோது மொச்சைக்கொட்டை வேகிற வாசம். அடுத்ததில் வறுத்த மல்லி. அதற்கும் அடுத்ததில் சுட்ட கத்திரிக்காய், அதன் கருகிய தோலோடு. அவள் நின்று நின்று நடந்தாள். பாத்தித் தண்ணீரில் வானம் கிடந்தது. கால் வைத்தாலும் கலையவில்லை. விழித்த பிறகும் அசையாமல் படுத்திருந்தாள். தலையணையில் கொஞ்ச நேரம் அந்த மல்லி வாசம் இருந்தது போலிருந்தது. பிறகு ஈரம் காய்வதுபோல் போய்விட்டது.

அன்றைக்கு மொச்சைக்கொட்டைக் குழம்புதான் வைத்தாள். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. எது கனவில் மணந்ததோ அது காலையில் அடுப்பேறும். சாம்பார், லெமன் சாதம், முட்டைப் பொரியல் என்று சுற்றிச் சுற்றி வந்த வீட்டில் எறா போட்ட சுரைக்காய்க் கூட்டு வந்தது, முருங்கைக்கீரை அடை வந்தது. ஒரு புதன்கிழமை விடிகாலை பால் பாயசம் காய்ச்சினாள். டோமினிக் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. தோணுச்சு."

அவன் பாயசத்தை டப்பாவில் ஊற்றி வேலைக்கு எடுத்துப் போனான்.

சித்திரையில் ஒருநாள், உப்பு வாரும் நேரத்தில், எதிர்பாராமல் தூறல் பிடித்தது. குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். ஆறரைக்கே ஆனந்தம்மாள் நனைந்த புடவையோடு வீடு வந்தாள். அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். டோமினிக் கையில் கரண்டி. ஆஷ்லின் உள்ளங்கையை நீட்டி, அதில் ஊற்றிய குழம்பை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் உப்பு ஜாடியை இடுக்கிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தாத்தா" என்று சொல்லி நிமிர்ந்த ஆஷ்லின் அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

டோமினிக் கரண்டியை மேடையில் வைத்தான்.

"எத்தினி நாளா நடக்குது இது?" என்று ஆனந்தம்மாள் கேட்டாள்.

"ரெண்டு மாசம்" என்றான் டோமினிக். "ஆஷ்லின்தான் மொதல்ல கண்டுபிடிச்சா. லெமன் சாதத்துல உப்பே இல்லன்னு வந்து சொன்னா. மறுநாள் குழம்பு உப்பு கரிச்சு வாயில வைக்க முடியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்ககிட்ட சொன்னியா?"

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்த குழம்பில் ஒரு குறை சொல்லாமல் கை கழுவாத மனுஷர். புளி தூக்கல் என்பார், மல்லி பச்சையா நிக்குது என்பார். இந்த இரண்டு மாசமாக அவர் வாயே திறக்காமல் சாப்பிட்டு எழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா."

அவர் ஜாடியை மேடையில் வைத்தார். "ருசி தெரிஞ்சு செஞ்சா கொற சொல்லலாம். தெரியாம செய்யறவள எப்படிம்மா சொல்றது?" என்றார். பிறகு, "துணி மாத்திட்டு வா. இன்னொரு தபா காய்ச்சல் வந்தா தாங்காது."

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றும்போது அழுதாள். துக்கமா என்றால், இல்லை. பல நாளாகத் தனியாகச் சுமந்த கூடையை யாரோ பின்னாலிருந்து ஒரு கை தூக்கிவிட்டது மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து ஒளிவு மறைவு இல்லை. நாலு மணிக்கு மாமனாரும் எழுந்து, காதோரம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு சொட்டு எடுத்து அவர் உள்ளங்கையில் விடுவாள். அவர் கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "அரைக் கை" என்பார், சில நாள், "போதும், இறக்கு." இடையில் அவள் தன் கனவைச் சொல்வாள். அவரும் கேட்டுக்கொண்டே இருப்பார். "வறுத்த மல்லியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, வெகுநேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே கழிவெளி ஏரிமேல் வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. "நானும் அந்த வரப்புல நடந்திருக்கேன், தூக்கத்துல" என்றார். பிறகு அடுத்த சொட்டுக்கு உள்ளங்கையை நீட்டினார். 

ஆடி பிறந்து சில நாள். பாத்தியிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பேறினாள் ஆனந்தம்மாள். கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. ரோட்டில் ஒரு மொபெட், பின்னால் மூட்டையும் கூடையுமாகப் போய்க்கொண்டிருந்தது. மூக்குக்குள் ஏதோ குத்தியது. நூல் மாதிரி, மெல்லிசாக. அவள் அப்படியே நின்றாள். பின்னால் கூடையோடு வந்த உப்பளத்துக் கூட்டாளி ஆண்டாள் முட்டிக்கொண்டாள்.

"இன்னா ஆனந்தி, தல சுத்துதா?"

"இல்ல. கருவாடு."

"எங்க?"

ஆனந்தம்மாள் ரோட்டைக் காட்டினாள். மொபெட் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டது. தலைச் சுமையோடு நின்று, வாயை மூடி, மூக்கால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். சேற்று வாசம் ஒரு துளி, வேர்வை ஒரு துளி. பிறகு ஒன்றுமில்லை. அது போதும் என்று பட்டது.

முழுசாகத் திரும்பவில்லை. காபி இன்றைக்கும் அவளுக்கு டயர் எரிகிற மாதிரிதான் நாறுகிறது, வெந்நீர்தான் குடிக்கிறாள். மல்லிகை வரவே இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்து, கத்திரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நாலு பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் அவசரப்படவில்லை. திறந்திருந்த கதவு வழியே உப்பளத்து வெளிச்சம் வந்து தட்டுகள்மேல் ஆடியது. இரண்டாவது தடவை சோறு வாங்கியபோது குழம்பு லேசாக மணக்க, ஆனந்தம்மாளுக்கு, தான் விழித்துத்தான் இருக்கிறோமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. கத்திரிக்காயைப் பிட்டு வாயில் போட்டாள். நாக்கைச் சுட்டது.